நானூற்றுத் தொண்ணூற்றெட்டு

ராத்திரி உறங்கப் போகுமுன்
வேதம் வாசிக்கிற வீட்டில்
அதற்குப் பிறகு நான் மீட்டர் வாசிக்கிறேன்,
அரிசிப் பெட்டிமேல் ஏறி நின்று
செல்போன் வெளிச்சத்தில்.

ஐநூறு தாண்டினால் வேறு விலை.
அதைச் சித்திரையில் தெரிந்துகொண்டேன்.
பில்லைப் பார்த்துவிட்டு எட்வின்ஜோஸ்
இரண்டு நாள் ஃபேனிடம்தான் பேசினான்.

கருங்கல் பக்கம் மழை பிடித்தால்
ரப்பர் மரத்துக்கு லீவு,
பால் வெட்டுகிறவனுக்கும் லீவு, சம்பளமில்லாமல்.
சிரட்டை நிறைய மழைவெள்ளம்.
அதை எந்தக் கடைக்காரன் எடுப்பான்?
அந்த மாதங்களில் என் தையல் மிஷின்தான் குடும்பத் தலைவர்.
மோட்டாரைக் கழற்றிவிட்டு
பாதி நாள் காலால் மிதித்தேன்.

திங்கள்சந்தைக்கு நாலரைக்குமேல்தான் போவேன்.
காலையில் விலை சொன்ன கத்தரிக்காய்
அந்தியில் விலை கேட்கும்.
சாளை மலிந்த அன்று இரண்டு கூறு;
ஒன்றைப் புளியும் நல்லமிளகுமாக வற்றவைத்தால்
மறுநாளும் ஃப்ரிட்ஜ் கேட்காது.
அரிசி நன்றாய்க் கொதித்ததும் இறக்கி
பழைய போர்வைக்குள் பொதிந்து வைப்பேன்.
மீதியைச் சோறு தானே பார்த்துக்கொள்ளும்.
சோப்புத் துண்டுகளை உருக்கி ஒன்றாக்கியது மட்டும்
சரியாய் வரவில்லை.
அதில் எட்வின்ஜோஸ் செருப்புத்தான் கழுவினான்.

கணக்கு எழுதுவது ஷெரினின் போன வருஷ நோட்டில்,
பின்பக்கத்திலிருந்து.
முன்னால் பிரெஞ்சுப் புரட்சி,
பின்னால் சாளை நாற்பது, தேங்காய் இருபத்தெட்டு.
என்றைக்காவது நடுவில் முட்டிக்கொள்ளும்.

ரீடிங்குக்கு முந்தின ராத்திரி
நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஃப்ரிட்ஜைக் காலிசெய்து பிளக்கைப் பிடுங்கினேன்.
ஃபேன் வேண்டாம், மழைக்காற்று இருக்கு என்றேன்.
கொசுவும் இருந்தது.

ஒன்றரை மணிக்குக் கதவு தட்டல்.
மேக்கே வீட்டு பெனாசிர்.
தோளில் ஆஷிக், கையில் நெபுலைசர்.
"எங்க வீட்டுல ஃபியூசைப் பிடுங்கிட்டுப் போயிட்டாவக்கா."
மீதியைப் பையனின் நெஞ்சு சொன்னது,
விசில்போல.

பிளக்கைக் குத்தினேன். லைட் போட்டேன். ஃபேனும்.
பெட்டி உறுமி, புகை வந்தது.
சொல்ல வெட்கம்தான்,
மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது.
அந்தப் பெட்டி தின்பது
ஒரு யூனிட்டில் தூசி என்று தெரியும்.
தெரிந்தும் போட்டது.
வெளியே மீட்டரின் சிவப்புப் புள்ளி
மினுங்கி மினுங்கி நின்றது.
உள்ளே அவன் விலா எலும்புகள்
ஏறின, இறங்கின, ஏறின.

மூன்று மணிக்கு மூச்சு பதமானது.
தைக்க வந்த துணிக்கட்டின்மேல் உறங்கிப்போனான்.
"எவ்வளவு ஆயிருக்கும்க்கா?" என்றாள் பெனாசிர்.
"என்னத்த எவ்வளவு?" என்றேன்,
அதுவரை அப்படி ஒரு வார்த்தையே
யோசித்ததில்லை என்பதுபோல.

அவர்கள் போனபின் உறக்கம் வரவில்லை.
மோட்டாரை மாட்டி
இரண்டு ஜாக்கெட் தைத்து முடித்தேன்.

காலையில் ரீடிங் பையன் வரவில்லை. மழை.
மறுநாளும் மழை.
மூன்றாம் நாள் முழுக்க நனைந்து வந்தான்.
கைமெஷினைச் சட்டைக்குள் துடைத்து
அழுத்திப் பார்த்து
"ஐநூத்தி ஆறு" என்றான்,
மணி கேட்டவருக்குச் சொல்வதுபோல.

மிதித்த கால், போர்வைச் சோறு, காலி ஃப்ரிட்ஜ்,
கொசுவுக்குக் கொடுத்த ரத்தம்,
எல்லாம் அந்த மழையோடு போயிற்று.
மழையோடுதான். ஆஷிக்கால் இல்லை.
அதை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும்போல் இருந்தது.

"கட்டஞ்சாயா குடிக்கியா மக்கா?"
தலையாட்டினான், பற்கள் கிடுகிடுத்தன.
சீனி ஒரு ஸ்பூன் போட்டேன்.
செத்த நேரம் டப்பாவைப் பிடித்தபடி நின்றேன்.
இன்னொரு ஸ்பூனும் போட்டேன்.

நோட்டைத் திறந்து
கரண்ட் என்று எழுதித் தொகையைப் போட்டேன்.
எட்வின்ஜோஸ் எட்டிப் பார்த்தான்.
பார்த்துவிட்டு
ஃபேனிடம் போகாமல் என்னிடமே கேட்டான்,
"பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?"

ராத்திரி, வேதம் வாசித்தபின்,
பெட்டிமேல் ஏறினேன்.
கழித்துப் பார்த்தேன்.
மூன்று.